கூட்டத்துக்கு வராதவரிடம் என்ன கேட்கணும்?



நம் குழு ஒன்றில் ஒரு அக்கா தொடர்ந்து ஐந்து கூட்டத்துக்கு வரவில்லை. சந்தாவும் வரவில்லை, கடன் தவணையும் வரவில்லை. குழு தீர்மானம் போட்டு 50 ரூபாய் அபராதம் விதித்தது. தீர்மானம் எழுதும்போது நாங்களும் அங்கேதான் உட்கார்ந்திருந்தோம். "ஏன் வரலை?" என்று ஒருத்தரும் வீட்டுக்குப் போய்க் கேட்கவில்லை.

பிறகுதான் தெரிந்தது. அந்த அக்கா சரியாகத் தூங்கி ஒன்றரை மாசம் ஆகியிருந்தது. சோறு பொங்கக்கூட கை ஓடவில்லை. வீட்டில் "சோம்பேறி" என்றார்கள். பக்கத்து வீட்டில் "காத்து கருப்பு" என்று தாயத்து கட்டச் சொன்னார்கள். நர்ஸ் வந்து பிரஷர், சுகர் பார்த்தார். இரண்டும் சரியாக இருந்தது. நர்ஸைக் குறை சொல்லவில்லை. வேறு எதைக் கேட்கணும் என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

அதனால்தான் இந்த முறை நர்ஸ்களும் குழுப் பிரதிநிதிகளும் ஒன்றாக உட்கார்ந்து மனநலப் பயிற்சி எடுத்தோம்.

மனநல டாக்டர்கள் நம் நாட்டில் மிகவும் குறைவு. ஊர் ஊராக அவர்களே வர முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கண்டுபிடிக்கணும் என்றுதான் 1996-ல் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. 2021-ல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகப் போவது மகளிர் குழுப் பெண்கள்தான். அப்படியென்றால் முதலில் வாசல்படி ஏறுவது நாம்தானே?

"மனசு சரியில்லை" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தலைவலி, படபடப்பு, கை கால் அசதி என்றுதான் சொல்வார்கள். அப்போது இரண்டு கேள்வி கேட்கலாம். கடந்த இரண்டு வாரமாக மனசு சோர்ந்து, நம்பிக்கை இல்லாமல் இருக்கிறதா? முன்பு பிடித்த வேலையில்கூட நாட்டம் இல்லையா? 'ஆமாம், பெரும்பாலான நாள் அப்படித்தான்' என்றால் டாக்டரிடம் அழைத்துப் போகணும். நாமே நோய்க்குப் பெயர் வைக்க வேண்டாம்.

பயிற்சியில் எல்லோரும் திணறிய இடம் ஒன்று உண்டு. "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" என்று கேட்டுப் பழகச் சொன்னார்கள். பாதிப் பேருக்கு வாயே வரவில்லை. "நாம கேட்டா அந்த நினைப்பை நாமளே ஏத்திவிட்ட மாதிரி ஆகாதா?" என்றார் ஒரு பிரதிநிதி. ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, பாரம்தான் இறங்கும். "ஆமா" என்று சொன்னால் அவரைத் தனியாக விடக் கூடாது. வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் உடனே அப்புறப்படுத்தணும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து மறைக்கிறார்கள். 2017 மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்கச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். நாலு நாள் சாப்பிட்டு "கேக்கலை" என்று நிறுத்துபவர்கள் அதிகம். குணமான பிறகும் டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது.

கோயில், தர்காவுக்குப் போக வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் சங்கிலி வேண்டாம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது கட்டிப் போட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இப்போது மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதைச் சட்டமே தடை செய்திருக்கிறது.

இரவில் அவசரமென்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள். 2022-ல் தொடங்கிய டெலி மனஸ் சேவை அது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். எண்ணைத் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

அந்த அக்கா மூன்று மாசமாக மாத்திரை சாப்பிடுகிறார், கூட்டத்துக்கும் வருகிறார். அபராதத்தைத் திருப்பித் தரக் குழு முடிவெடுத்தது. கையில் வாங்க மாட்டேன் என்று சொல்லி, சேமிப்பில் வரவு வைக்கச் சொல்லிவிட்டார்.