எந்த யுனிவர்சிட்டி என்பதற்கு முன் எந்த ஊர்

பினாங்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவருக்கு வேலை கிடைப்பது பெரிய சிரமம் இல்லை. 1972-இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைப் பாயான் லெப்பாஸில் திறந்தது. அதே காலத்தில் ஏஎம்டி, ஹெச்பி, ஹிட்டாச்சி, பாஷ் எல்லாம் வந்து இறங்கின. அரைநூற்றாண்டாக நம் வீட்டுப் பிள்ளைகள் அந்த ஃபேக்டரி பஸ்களில் போய்வருகிறார்கள். நானும் போனேன், டெஸ்ட் எஞ்சினியராக. தீவில் அதிகம் நடப்பது சிப்பைப் பொதிந்து சோதிக்கும் கடைசிக்கட்ட வேலை. சிலிக்கான் தகட்டின் மேல் சுற்றுகளை உருவாக்கும் முன்கட்ட வேலைக்குப் பாலம் தாண்டிக் கூலிமுக்குப் போக வேண்டும். அங்கேயும் அனுபவம் இல்லாமல் உள்ளே நுழைவது கடினம். அந்த முன்கட்ட வேலை எனக்கு வேண்டும் என்பதுதான் வெளிநாட்டு மாஸ்டர்ஸ் பற்றி நான் யோசித்ததன் ஒரே காரணம்.

இன்று தம்பி தங்கச்சிமார் வந்து, "அண்ணே, எந்த யுனி நல்லது?" என்று கேட்கிறார்கள். "படிச்சு முடிச்ச மறுநாள் எந்த வேலைக்கு அப்ளை பண்ணப் போற? அந்த விளம்பரத்தை எடுத்துக்கிட்டு வா, பேசலாம்" என்பேன். பாதிப் பேர் அதோடு சரி. விளம்பரத்தோடு வருகிறவர்களுக்கு நான் சொல்ல அதிகம் மிச்சமிருப்பதில்லை. என்ன மொழி கேட்கிறார்கள், எந்த மென்பொருள், எத்தனை ஆண்டு அனுபவம், எந்த நகரம் என்று எல்லாம் அதிலேயே இருக்கும்.

2015-இல் என் கையில் மூன்று ஆஃபர் இருந்தன: இங்கிலாந்தில் ஓர் ஆண்டு, ஆஸ்திரேலியாவில் ஒன்றரை ஆண்டு, ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு. உலகத் தரவரிசையில் டிரெஸ்டன்தான் கடைசி. அம்மாவுக்கு லண்டன். மாமா பெர்த் என்றார், அங்கே அவருக்கு ஆள் இருந்தது. டிரெஸ்டன் எங்கே இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

நான் செய்தது இவ்வளவுதான்: மூன்று ஊரையும் சுற்றி ஒரு மணி நேரப் பயணத்துக்குள் செமிகண்டக்டர் ஆலைகள் எத்தனை என்று பார்த்தேன். டிரெஸ்டனில் ஊருக்குள்ளேயே இன்ஃபினியன், குளோபல்ஃபவுண்டரிஸ், எக்ஸ்-ஃபேப் மூன்றும் இருந்தன. பிறகு 2021-இல் பாஷ் அங்கே ஆலை திறந்தது. 2024-இல் தைவானின் டிஎஸ்எம்சி கூட்டு ஆலைக்கு அடிக்கல் நாட்டியது. இவற்றில் இன்ஃபினியனுக்குக் கூலிமிலும் எக்ஸ்-ஃபேப்புக்குக் கூச்சிங்கிலும் ஆலை உண்டு. ஜெர்மனியில் காலூன்ற முடியாமல் போனாலும் அதே தொழில் என் வீட்டிலிருந்து பாலம் தாண்டினால் இருந்தது. மற்ற இரண்டு ஊர்களிலும் நல்ல பேராசிரியர்கள் இருந்தார்கள். எனக்கு வேலை கொடுக்கக்கூடிய ஆலைதான் பக்கத்தில் இல்லை.

படிப்பின் நீளத்தைச் செலவுக் கணக்காக மட்டும் பார்ப்பது நம்மிடையே வழக்கம். ஓர் ஆண்டு என்றால் ஓர் ஆண்டுச் செலவு, மிச்சம் லாபம். இங்கிலாந்து மாஸ்டர்ஸின் நாட்காட்டியைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். செப்டம்பரில் போய் இறங்குவீர்கள். பெரிய நிறுவனங்கள் பட்டதாரிகளுக்கான விண்ணப்பங்களை அந்த இலையுதிர் காலத்திலேயே வாங்கிவிடும். பஸ் எண்கூடப் பழகாத வாரங்களில் நேர்காணலுக்குத் தயாராக வேண்டும், அங்கே வேலை செய்த அனுபவம் ஒன்றுமில்லாமல். வசந்தத்தில் தேர்வு, கோடையில் ஆய்வேடு, அவ்வளவுதான். ஏற்கெனவே நல்ல அனுபவம் உள்ளவருக்கு இது பொருந்தும். புதிதாகப் பட்டம் வாங்கியவர் மூச்சு விடுவதற்குள் படிப்பு முடிந்துவிடும்.

ஆஸ்திரேலியாவில் வேறு கணக்கு. படிப்புக்குப் பின் வேலை செய்யத் தரும் 485 விசாவுக்கு அந்நாட்டில் குறைந்தது 92 வாரப் படிப்பு வேண்டும். ஒன்றரை ஆண்டு கோர்ஸ் மட்டும் படித்தால் அது எட்டாது. கட்டணம் குறைவு என்று ஒன்றரை ஆண்டைத் தேர்ந்தெடுப்பவர், எதற்காகப் போகிறாரோ அதையே விட்டுவிடுகிறார். முப்பதைத் தாண்டியவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: 2024 ஜூலையிலிருந்து அந்த விசாவுக்குப் பொதுவான வயது வரம்பு 35.

விசா விதியை மட்டும் நம்பி ஒரு நாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதற்கு இங்கிலாந்தே சாட்சி. படித்தபின் தங்கி வேலை தேடும் வசதியை 2012-இல் எடுத்துவிட்டார்கள். நான் ஆஃபர் வாங்கிய காலத்தில் அது கிடையாது. 2021 ஜூலையில் இரண்டு ஆண்டாகத் திரும்பக் கொடுத்தார்கள். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிக்கும் மாஸ்டர்ஸ் பட்டதாரிக்கு அது 18 மாதம். ஆஸ்திரேலியா 2023-இல் சில படிப்புகளுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டு கொடுத்து, மறு ஆண்டே நிறுத்தியது. ஆஃபர் கையில் வரும் நாளின் விதி பட்டம் கையில் வரும் நாளில் இருக்குமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆலைகள் அவ்வளவு சீக்கிரம் ஊரைக் காலி செய்வதில்லை.

அமெரிக்காவைப் பற்றிச் சுருக்கமாக: அறிவியல், பொறியியல் படித்தவருக்கு 12 மாதமும் அதன்மேல் 24 மாதமும் வேலை அனுமதி உண்டு, அதன்பின் ஹெச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல். அங்கே மாஸ்டர்ஸ் முடித்தவர்களுக்கென்று ஒதுக்கிய 20,000 இடங்களுக்கு, பட்டம் அரசு அல்லது லாப நோக்கமற்ற பல்கலைக்கழகத்துடையதாக இருக்க வேண்டும். சேர்வதற்கு முன்பே பார்க்க வேண்டிய விஷயம் இது. ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள சிங்கப்பூர்க் குடிமக்களுக்குத் தனியாக ஹெச்-1பி1 இருக்கிறது, மலேசியர்களுக்கு இல்லை. பக்கத்து நாட்டு நண்பர் போன வழி நமக்கும் திறந்திருக்கும் என்று நினைக்கக் கூடாது.

தரவரிசையே வேண்டாம் என்று சொல்லவில்லை. சிங்கப்பூரை மாற்று வழியாக மனதில் வைத்திருப்பவர்கள் கவனிக்கட்டும். 2023 செப்டம்பரிலிருந்து அங்கே எம்ப்ளாய்மென்ட் பாஸுக்குப் புள்ளிக் கணக்கு, தேவை 40. மனிதவள அமைச்சின் பட்டியலில் உள்ள முன்னணிப் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு 20, மற்ற பட்டத்துக்கு 10. இந்த ஓர் இடத்தில் பெயருக்கு விலை உண்டு.

ஜெர்மனியில் எனக்குக் கதவு திறந்தது வகுப்பறையில் இல்லை. அங்கே வெர்க்‌ஷ்டுடென்ட் என்று ஒரு முறை: படிக்கும்போதே, வாரத்தில் 20 மணி நேரம் வரை, தன் துறை நிறுவனத்திலேயே சம்பளத்துக்கு வேலை. பிறகு ஆய்வேட்டையும் நிறுவனத்திலேயே செய்யலாம். அதனால் கடைசி நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் ஏற்கெனவே நம்மோடு கேன்டீனில் சாப்பிட்டவராக இருப்பார். இரண்டு ஆண்டுப் படிப்பின் உண்மையான பயன் இதுதான். முடித்தபின் வேலை தேட 18 மாத அனுமதி. வேலை அனுமதியான நீலஅட்டை கிடைத்து பி1 அளவுக்கு ஜெர்மன் மொழி இருந்தால் 21 மாதத்தில் நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பிக்கலாம்.

மொழியை நம் பிள்ளைகள் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், சரி. ஆலையில் ஷிப்ட் மாறும்போது, "மூன்றாவது சேம்பர்ல அழுத்தம் ஏறுது" என்று சொல்பவர் ஜெர்மனில்தான் சொல்வார். வேலை விளம்பரங்களைப் படித்ததால் எனக்கு இது முன்பே தெரிந்தது. ஆயர் ஈத்தாம் சாலையில் மலேசிய ஜெர்மன் சங்கம் இருக்கிறது. வேலை முடிந்து நேராக அங்கே போய் மாலை வகுப்பில் உட்கார்ந்தேன். தமிழ்ப்பள்ளியில் தொடங்கி மலாயும் ஆங்கிலமும் கற்று, கடைத்தெருவில் ஹொக்கியன் பொறுக்கியவருக்கு நான்காவது, ஐந்தாவது மொழி பூதம் இல்லை. நேரம்தான் வேண்டும், அதை ஊரில் இருக்கும்போதே கொடுத்துவிடுவது மலிவு.

பணம். நான் படித்தபோது கல்விக் கட்டணம் இல்லை, சிறு செமஸ்டர் கட்டணம்தான். இன்று ஜெர்மனி முழுக்க இலவசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து மாஸ்டர்ஸுக்கு, ஒவ்வொரு செமஸ்டருக்கும், 4,000 அல்லது 6,000 யூரோ. கட்டணம் இல்லாவிட்டாலும் விசாவுக்கு முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் ஓர் ஆண்டுச் செலவைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோ ஆனது. நம் பணத்தில் ஐம்பதாயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு 90 நாள் விசா வேண்டாம்தானே என்று சும்மா விமானம் ஏறிவிட முடியாது. படிக்கப் போகிறவர் கோலாலம்பூரிலேயே மாணவர் விசா வாங்கித்தான் போக வேண்டும்.

நம் ஹோட்டல்களில் நடக்கும் கல்விக் கண்காட்சியில் இதையெல்லாம் சொல்ல அநேகமாக ஆள் இருக்காது. ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுப்பது சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகம்; ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகக் கொடுப்பதில்லை. அதனால் அவை அந்த மேசைகளில் இல்லை. ஏஜென்டைக் குறை சொல்லவில்லை, அவர் விற்பதை அவர் சொல்கிறார்.

உதவித்தொகையிலும் திரும்பி வரும் நிபந்தனை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இங்கிலாந்தின் செவனிங் கிடைப்பது பெரிய கௌரவம். படித்து முடித்தபின் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபுல்பிரைட்டிலும் இரண்டு ஆண்டு. வெளிநாட்டு வேலையே குறி என்றால் அந்தப் பணம் வேலைக்குக் குறுக்கே நிற்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸில் மாதம் 1,400 யூரோ கிடைக்கும், திரும்பி வரும் கட்டாயம் கிடையாது. ஆனால் படிப்பு இரண்டு மூன்று நாடுகளில் நடக்கும். எந்த நாட்டில் முடிகிறது என்று பார்த்து விண்ணப்பியுங்கள், வேலை தேடும் அனுமதியைப் பெரும்பாலும் அங்கேதான் கேட்கப் போகிறீர்கள்.

எவ்வளவு தூரம் போவது என்பதையும் வீட்டில் முன்பே பேசிவிடுவது நல்லது. ஜெர்மனி 2024 ஜூனிலிருந்து இரட்டைக் குடியுரிமையை அனுமதிக்கிறது, மலேசியா அனுமதிப்பதில்லை. அதனால் நம் ஊர்க்காரர்கள் பலர் நிரந்தர வசிப்போடு நின்றுவிடுகிறார்கள். நானும் நின்றேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது கூலிமில் என் துறையிலேயே வேலை இருந்ததால் திரும்பினேன். திரும்புகிறவர்களுக்கு மலேசிய அரசு அமைப்பான டேலண்ட்கார்ப்பின் திரும்பும் நிபுணர் திட்டத்தில் ஐந்து ஆண்டுக்கு 15 விழுக்காடு என்ற நிலையான வருமான வரி உண்டு. அதற்கான விண்ணப்பத்தை வெளிநாட்டில் வேலையில் இருக்கும்போதே போட வேண்டும், விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்.