சத்து மிகுந்த நெல் ரகங்கள் உருவாவது எப்படி?

நெல் ஆராய்ச்சியில் நெடுங்காலம் விளைச்சலே முதல் குறிக்கோளாக இருந்தது. குட்டை ரகங்கள் வந்தன, ஏக்கருக்கு மூட்டைகள் கூடின, பசி குறைந்தது. ஆனால் வயிறு நிறைந்தும் உடல் தேறாத நிலை பல குடும்பங்களில் இன்றும் உண்டு. கர்ப்பிணிகளின் ரத்தசோகையும், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவும், அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கும் இரும்பு, துத்தநாகம் ஆகிய சத்துக்கள் போதாமையுடன் தொடர்புடையவை. மூன்று வேளையும் சோறே உணவாக உள்ள வீட்டில் அந்தச் சோற்றிலேயே சத்தைக் கூட்ட முடியுமா என்ற கேள்விக்கு விடைதான் இந்தப் புதிய ரகங்கள். இவை எப்படி உருவாகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால், எதை நம்பி வாங்கலாம், எதில் ஏமாறக் கூடாது என்பது உழவர்களுக்கு விளங்கும்.

சத்து எங்கே இருக்கிறது?

நெல்மணியில் உமிக்கு உள்ளே தவிட்டுத் தோலும், அதன் ஓரத்தில் முளைக்கருவும், நடுவில் மாவுப் பகுதியும் உள்ளன. நாம் உண்ணும் வெள்ளை அரிசி இந்த மாவுப் பகுதி மட்டுமே. இரும்புச் சத்தின் பெரும் பகுதி தவிட்டிலும் முளைக்கருவிலும் இருப்பதால், அரிசியைத் தீட்டும்போது அது தவிட்டோடு போய்விடுகிறது. துத்தநாகம் மாவுப் பகுதியிலும் ஓரளவு பரவியிருப்பதால் தீட்டிய பிறகும் கணிசமாக மிஞ்சும். அரிசியில் துத்தநாகத்தைக் கூட்டுவது கைகூடி, இரும்பைக் கூட்டுவது கடினமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஒரே மரபணுவின் வேலை

ஒரு பண்பைத் தாய் தந்தையரிடமிருந்து வழித்தோன்றலுக்குக் கொண்டு செல்வது மரபணு. இதற்கு எளிய உதாரணம் அரிசியின் சிவப்பு நிறம். மாப்பிள்ளைச் சம்பா போன்ற ரகங்களில் தவிட்டுத் தோலுக்கு நிறம் தருவதில் முக்கியப் பங்கு வகிப்பது ஆர்சி என்னும் மரபணு. நெல்லின் ஏழாவது குரோமோசோமில் உள்ள இந்த மரபணுவில் 14 எழுத்துக்கள் விடுபட்டுப் போனதால்தான் பெரும்பாலான வெள்ளை அரிசி ரகங்கள் தோன்றின என்று 2006-இல் கண்டறியப்பட்டது.

வெள்ளை ரகத்தைத் தாயாகவும் சிவப்பு ரகத்தைத் தந்தையாகவும் வைத்து ஒட்டுச் சேர்த்தால், அன்று கிடைக்கும் விதை வெள்ளையாகவே இருக்கும். தவிட்டுத் தோல் தாய்ச் செடியின் உடற்பகுதி என்பதே இதற்குக் காரணம். அந்த விதையை விதைத்து வளரும் முதல் தலைமுறைச் செடியில் விளையும் அரிசி எல்லாம் சிவப்பாக இருக்கும். அடுத்த தலைமுறையில் சராசரியாக நான்கு செடிகளுக்கு மூன்று சிவப்பரிசியும், ஒன்று வெள்ளையரிசியும் தரும். வயலில் விழுந்த கலப்பு ஓரிரு பருவம் கழித்தே கண்ணுக்குத் தெரிவதும் இதனால்தான்.

பல மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை

துத்தநாகமும் புரதமும் இப்படி எளிதில் பிடிபடுபவை அல்ல. வேர் மண்ணிலிருந்து துத்தநாகத்தை உறிஞ்ச வேண்டும். தண்டு அதை மேலே கடத்த வேண்டும். இலை அதை மணிக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி மரபணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் சிறிதளவே உதவும். ஆகவே வழித்தோன்றல்களில் "சத்துள்ளது, சத்தில்லாதது" என்று இரண்டே பிரிவு கிடைக்காது. மிகக் குறைவிலிருந்து மிக அதிகம் வரை படிப்படியாக எல்லா அளவும் கிடைக்கும். மேலும் மண்ணும் நீரும் உரமும் மாறினால் ஒரே ரகத்தில் அளவும் மாறும்.

இந்தச் சத்து கண்ணுக்குத் தெரியாது. ஆயிரக்கணக்கான வரிசைகளின் அரிசியைக் கருவிகளில் அளந்து பார்த்தே தேர்வு செய்ய வேண்டும். விரும்பிய மரபணுவுக்கு அருகில் உள்ள அடையாளக் குறிகளை நாற்றுப் பருவத்திலேயே இலையில் சோதித்துப் பார்க்கும் முறை இந்த வேலையைச் சுருக்கித் தருகிறது.

இன்னொரு இடைஞ்சலும் உண்டு. பொதுவாக விளைச்சல் கூடும்போது மணியில் புரதத்தின் விகிதம் குறைகிறது. பாலில் நீர் கலந்தது போல, மாவு அதிகம் சேரச் சேரச் சத்து நீர்த்துப் போகிறது. விளைச்சல் குறைந்தால் உழவர் ரகத்தைக் கைவிடுவார். சத்து குறைந்தால் ரகத்தின் நோக்கமே வீணாகும். இரண்டையும் ஒருசேரப் பிடிப்பதே ஆராய்ச்சியாளரின் வேலை.

நாட்டு ரகம் தந்த புரதம்

கட்டாக்கில் உள்ள தேசிய நெல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கி 2016-இல் வெளிவந்த சி.ஆர். தான் 310 இதற்கு நல்ல சான்று (தான் என்றால் இந்தியில் நெல்). 1960-களின் பிற்பகுதியில் அசாம் பகுதியில் திரட்டிய நாட்டு நெல் ரகங்களில் ஒன்றான ஏ.ஆர்.சி. 10075-இல் புரதம் மிகுந்திருந்தது. அதை நவீன் என்ற விளைச்சல் ரகத்துடன் ஒட்டுச் சேர்த்தனர். வழித்தோன்றலை மீண்டும் மீண்டும் நவீனுடனேயே சேர்த்தனர். இதற்குப் பின்கலப்பு என்று பெயர். முதல் ஒட்டில் நவீனின் பங்கு 50 சதம். ஒரு முறை பின்கலப்பு செய்தால் சராசரி 75 சதம். இரண்டாவது முறை 87.5 சதம், மூன்றாவது முறை 93.75 சதம். ஒவ்வொரு முறையும் புரதம் மிகுந்த செடிகளையே தேர்ந்தெடுத்ததால், நவீனின் குணங்களோடு நாட்டு ரகத்தின் புரதமும் வந்து சேர்ந்தது. சாதாரண ரகங்களின் தீட்டிய அரிசியில் 7 முதல் 8 சதம் புரதம் உள்ளது. இந்த ரகத்தில் 10.3 சதம். ஒடிசா, மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களுக்கு இது பரிந்துரைக்கப்பட்டது.

துத்தநாகம் மிகுந்த ரகம்

உலகின் முதல் துத்தநாக நெல் ரகமான பிரி தான் 62 வங்கதேசத்தில் 2013-இல் வெளியிடப்பட்டது. ஐதராபாத்தில் உள்ள இந்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.ஆர்.ஆர். தான் 45 என்ற ரகம் 2016-இல் வந்தது. பரிந்துரைக்கப்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. வயது 125 முதல் 130 நாட்கள். சராசரி விளைச்சல் எக்டேருக்குச் சுமார் 5 டன். சாதாரண ரகங்களின் தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 12 முதல் 16 மில்லிகிராம் துத்தநாகம் உள்ளது. இதில் 22.6 மில்லிகிராம் உள்ளது.

நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி உண்பவருக்குச் சாதாரண ரகத்தில் சுமார் 4.2 மில்லிகிராம் கிடைத்தால், இதில் சுமார் 6.8 மில்லிகிராம் கிடைக்கும். பெண்களுக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு 13.2 மில்லிகிராம். எனவே இது குறையை முழுவதும் தீர்க்கும் மருந்து அல்ல. பருப்பும் முட்டையும் மீனும் பாலும் வேண்டியதே. ஆனால் கூடுதல் செலவின்றி அன்றாடச் சோற்றிலேயே இந்த அளவு கூடுவது சிறிய லாபம் அல்ல.

இரும்பும் வைட்டமின் ஏ-யும்

இரும்பு மிகுந்த நெல்லைப் பிலிப்பைன்சில் கன்னியாஸ்திரீகள் 192 பேரிடம் ஒன்பது மாதம் சோதித்த முடிவு 2005-இல் வெளியானது. சாதாரண அரிசியில் கிலோவுக்கு 0.57 மில்லிகிராம் இரும்பு இருந்தபோது, சோதனை அரிசியில் 3.21 மில்லிகிராம் இருந்தது. ரத்தசோகை இல்லாத பெண்களின் உடலில் இரும்புச் சேமிப்பு ஓரளவு கூடியது.

வைட்டமின் ஏ-க்கு மூலமான கரோட்டின் நெல்லின் மாவுப் பகுதியில் இயற்கையாக இல்லை. ஒட்டுச் சேர்க்க ஏற்ற நெல் ரகம் இல்லாததால், மக்காச்சோளத்திலிருந்தும் ஒரு பாக்டீரியாவிலிருந்தும் எடுத்த மரபணுக்களைப் புகுத்திப் பொன்னரிசி உருவாக்கப்பட்டது. பிலிப்பைன்சில் 2021-இல் சாகுபடிக்கு அனுமதி கிடைத்தது. 2024-இல் அங்குள்ள நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இந்தியாவில் இதைப் பயிரிட அனுமதி இல்லை. மேலே சொன்ன புரத, துத்தநாக ரகங்கள் வழக்கமான ஒட்டுமுறையில் வந்தவை. அவற்றையும் பொன்னரிசியையும் ஒன்றாக எண்ணிக் குழம்ப வேண்டியதில்லை.

உழவர்கள் கவனிக்க வேண்டியவை

1. மரபணு எவ்வளவு நன்றாக இருந்தாலும், மண்ணில் இல்லாத துத்தநாகத்தை அது உண்டாக்காது. மண் பரிசோதனையில் பற்றாக்குறை தெரிந்தால், ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலுடன் கலந்து நடவுக்கு முன் தூவ வேண்டும். மணிச்சத்து உரத்துடன் கலக்கக் கூடாது.

2. மணியில் துத்தநாகம் கூட, பூத்து முடிந்து பால் பிடிக்கும் பருவத்தில் 10 லிட்டர் நீருக்கு 50 கிராம் துத்தநாக சல்பேட் கரைத்து மாலையில் தெளிக்கலாம்.

3. இவை வீரிய ஒட்டு ரகங்கள் அல்ல. நெல் தன் மகரந்தச் சேர்க்கைப் பயிராதலால், சொந்த விதையையே அடுத்த பருவத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். மற்ற ரகங்களிலிருந்து 3 மீட்டர் இடைவெளி விட்டு, கலவன்களைப் பிடுங்கி, 13 சத ஈரப்பதத்துக்குக் காயவைத்துச் சேமிக்க வேண்டும்.

4. சத்து கண்ணுக்குத் தெரியாததால் யாரும் எதையும் சத்து நெல் என்று விற்க முடியும். சான்று அட்டை உள்ள விதையையே வாங்க வேண்டும். சந்தையில் கூடுதல் விலை கிடைக்கும் என்ற வாய்ச்சொல்லை மட்டும் நம்பி முழு நிலத்திலும் போடாமல், முதலில் வீட்டுத் தேவைக்கு மட்டும் பயிரிட்டுப் பார்ப்பது நல்லது.

5. வீட்டு அரிசியை அதிகம் தீட்டாதிருப்பதும், புழுக்கி அரைப்பதும் செலவில்லாத வழிகள். புழுக்கும்போது தவிட்டில் உள்ள தயாமின் என்ற பி வைட்டமினில் ஒரு பகுதி மாவுப் பகுதிக்குள் இறங்குகிறது. சிவப்பரிசியை வெள்ளையாகத் தீட்டினால் நிறத்தோடு சத்தும் தவிட்டில் போய்விடும்.

பத்துப் பதினைந்து ஆண்டு ஆராய்ச்சியில் சேர்த்த சத்தை அரவை ஆலையில் சில நிமிடங்களில் இழந்துவிடக் கூடாது. நல்ல விதை, மண்ணுக்கேற்ற உரம், அளவான தீட்டல் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் வயலில் விளைந்த சத்து வீட்டுக் குழந்தையின் தட்டுக்கு வந்து சேரும்.