இசையைக் கண்ணாற் காண்டல்

ஒலி என்பதற்கும் ஒளி என்பதற்கும் தமிழில் ஓரெழுத்தளவே வேற்றுமை. லகரம் ளகரமாயின் செவிக்குரியது கண்ணுக்குரியதாகின்றது. சொல்லளவில் இத்துணை எளிதாயமைந்த இம்மாற்றத்தைப் பொருளளவில் நிகழ்த்திக் காட்டவோ மேனாட்டறிஞர் முந்நூறாண்டு முயன்றனர். இக்காலத்தில் அம்முயற்சி கணினி மென்பொருளாய் உருக்கொண்டு, பாட்டு நிகழும்போதே அதனைத் திரையில் வண்ணமும் வடிவுமாக ஆடச் செய்கின்றது. தமிழ் பயிலும் எமக்கு இத்துறையில் என்ன வேலையென்று நண்பர் வினவக்கூடும். யாம் இதனுட் புகுதற்குக் காரணமாயிருந்த நிகழ்ச்சியை முதற்கண் கூறி மேற்செல்வாம்.

சென்ற கிறிஸ்துமஸ் கீத ஆராதனையன்று, கல்லூரி மண்டபத்தில் பாடகர் குழுவுக்குப் பின்னே பெருந்திரையொன்று கட்டப்பட்டது. ஒலிவாங்கியினின்றும் வரும் இசையைக் கணினி உட்கொண்டு, புரொஜெக்டர் வாயிலாக அத்திரையில் ஒளிக்கோலமாக வீசிற்று. எம் வகுப்புத் தோழர் ஒருவர் இளமையிலேயே செவிப்புலன் இழந்தவர். இதழசைவு நோக்கியும் எழுதிக் காட்டியும் எம்மோடு அளவளாவுபவர். யாப்பிலக்கணத்தில் எம்மனைவரினும் வல்லவர். சீரும் தளையும் யாம் வாய்விட்டு ஓதிக் காண்பதற்குள் அவர் கண்ணாலேயே அலகிட்டு முடித்துவிடுவார். யாம் கேட்பதை இவ்வாண்டேனும் அவர் காண்பார் என்று மகிழ்ந்து அவரை முன்வரிசையில் இருத்தினோம். ஆராதனை முடிந்தபின் அவர் ஒரு தாளில் எழுதித் தந்தது இது: “நீங்கள் கைதட்டியபோது திரை மிக அழகாயிருந்தது. நடுவில் ஒரு பெண் தனித்துப் பாடினாள். அப்போது உங்கள் முகங்களெல்லாம் மாறின, திரையோ உறங்கிற்று. அவள் பாடியது என்ன?”

அவள் பாடியது பழைய தமிழ்க் கீர்த்தனையொன்று. பக்க இசை யாதுமின்றி, மிக மெல்லிய குரலிற் பாடினாள். மண்டபத்தில் இருமல் ஒலிதானும் எழவில்லை. எம்மை அத்துணை உருக்கிய பகுதியில் அக்கருவிக்குக் காட்ட ஒன்றுமில்லாமற் போனதேன்? இவ்வினாவுக்கு விடை தேடிய முயற்சியே இக்கட்டுரை.

இவ்வாராய்ச்சியின் தொடக்கம் நியூட்டன் என்பர். 1704-இல் வெளிவந்த தமது ஒளிநூலில் அவர் ஞாயிற்றொளியின் ஏழு நிறங்களை இசையின் ஏழு சுரங்களோடு ஒப்பவைத்தார். வானவில்லில் நிறங்களுக்கு இடையே எல்லைக்கோடு ஏதும் இல்லை. அங்கே ஏழு கண்டது இசையின் ஏழு அவர் உள்ளத்திருந்தமையாலன்றோ? குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு பெயர் பயின்ற நமக்கு இது வியப்பன்று. நியூட்டனுக்குப் பின் பிரான்சு நாட்டு இயேசு சபைத் துறவியாகிய லூயி பெர்த்ரான் கஸ்தெல் என்பார், 1725-இல் ‘கண்ணுக்குரிய இசைப்பெட்டி’ என்னும் கருத்தை வெளியிட்டார். விசையை அழுத்தினால் சுரம் ஒலிப்பதோடு அதற்குரிய நிறமும் தோன்றவேண்டும் என்பது அவர் கொள்கை. முதற் சுரத்துக்கு நீலம் என அவர் வகுத்தார். செவிடரும் இசையின் சுவையைக் கண்வழி நுகர்வர் என்பது அவர் கொண்ட பெருநம்பிக்கைகளுள் ஒன்று. மெழுகுத்திரி வெளிச்சத்தையும் நிறக்கண்ணாடியையும் கொண்டு அவர் வாழ்நாளெல்லாம் பாடுபட்டும் கருவி அவர் எண்ணியவாறு நிறைவேறவில்லை.

கஸ்தெல்லின் கருவியைப் பற்றித் தீதெரோ என்னும் பிரெஞ்சு அறிஞர் 1751-இல் எழுதிய ஒரு செய்தி எம்மைப் பெரிதும் கவர்ந்தது. செவிடும் ஊமையுமான ஒருவரை அக்கருவியின்முன் நிறுத்தியபோது அவர் கொண்ட கருத்தை அவர் அதிற் கூறுகின்றார். அச்செவிடர், இக்கருவியைச் செய்தவரும் தம்மைப் போன்ற செவிட்டூமையரே என்றும், ஒவ்வொரு நிறமும் ஓரெழுத்தாக நின்று அவர் பிறரோடு உரையாடுதற்கு உதவுகின்றது என்றும் கருதினாராம். அதன்பின், யாழும் குழலும் போன்ற ஏனைய இசைக்கருவிகளும் மக்கள் பேசுதற்கென அமைத்த பொறிகளே எனவும் முடிவு செய்தாராம். தவறென்று இதனைத் தள்ள எமக்கு மனமில்லை. இசையைக் கேளாதவர், மாந்தர் முகத்தைக் கொண்டே அதனுள் ஏதோ சொல்லப்படுகின்றதென உணர்ந்தனர். எம் தோழர் கேட்டதும் அதுவே.

இடைக்காலத்து நிகழ்ந்தவற்றை விரைந்து கூறுவாம். 1787-இல் கிளாட்னி என்னும் ஜெர்மானியர் உலோகத் தகட்டில் மணல் தூவி வில்லால் உரைத்து, ஒலிக்கேற்ப மணல் கோலமிடுவதைக் காட்டினார். 1893-இல் ரிமிங்டன் என்னும் ஆங்கில ஓவியர் நிற ஆர்கன் ஒன்றுக்கு உரிமை பெற்றார். ருஷ்ய இசைப்புலவர் ஸ்கிரியாபின் தம் ‘பிரொமித்தியஸ்’ என்னும் படைப்பில் ஒளிக்கும் ஓர் வரி எழுதினார். 1911-இல் மாஸ்கோவில் அது ஒளியின்றியே அரங்கேறிற்று. 1915-இல் நியூயார்க்கில் நிறங்களோடு நிகழ்ந்தது. 1922-இல் தம் ஒளிக்கருவியை நியூயார்க்கில் அரங்கேற்றிய தாமஸ் வில்பிரட் என்பாரோ, ஒளிக்கு இசைத்துணை வேண்டுவதில்லை, அது தனித்து நிற்கும் கலை என்று வாதித்தார். பின்னர் அமெரிக்காவின் அடாரி நிறுவனம், இசைத்தட்டுப் பொறியையும் தொலைக்காட்சிப் பெட்டியையும் இணைக்கும் பேழையொன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. இவ்வாறு அக்கலை வீட்டுக்குள் நுழைந்தது.

இனி, கணினி இதனைச் செய்யுமாறு யாங்ஙனம்? ஈண்டுச் சிறிது நின்று நோக்குதல் வேண்டும்.

குறுந்தட்டின் அளவைப்படி, ஒரு நொடியில் 44,100 முறை ஒலியலையின் உயரத்தை அளந்து எண்ணாகக் குறித்துக்கொள்கின்றது கணினி. இவ்வெண்கள் அலையின் வடிவைக் காட்டுமேயன்றி, அதனுள் எவ்வெச்சுரங்கள் உள என்பதைக் காட்டா. கலந்த சோற்றிலிருந்து அரிசியையும் பருப்பையும் பிரிப்பதுபோல் அவற்றைப் பிரிக்கவேண்டும். அதற்குரிய கணக்கைத் தந்தவர் ஃபூரியே என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர். வெப்பம் பரவுதலைப் பற்றி 1822-இல் அவர் எழுதிய நூலில், எத்துணைச் சிக்கலான அலையும் எளிய அலைகள் பலவற்றின் கூட்டே எனக் காட்டினார். வெப்பத்தை ஆராய்ந்த நூல் இசைக்கு உதவிற்று! ஆயின் அக்கணக்கு நீண்டது. 1,024 எண்களைப் பிரிக்கப் பத்திலட்சத்துக்கு மேற்பட்ட பெருக்கல்கள் வேண்டும். 1965-இல் கூலி, டூக்கி என்னும் அமெரிக்கர் இருவர் வெளியிட்ட குறுக்குவழி அதனை ஏறக்குறைய பதினாயிரமாகச் சுருக்கியது. காஸ் என்னும் ஜெர்மானியர் 1805-ஐ ஒட்டியே இவ்வழியைக் கண்டிருந்தார் என்பது பின்னர்த் தெரியவந்தது. இக்குறுக்குவழி இன்றேல், பாட்டு முடிந்த பின்னரே படம் வரும்.

எனினும் இக்கணக்கில் ஒரு தடை உண்டு. 2,048 எண்களை ஒருசேர எடுத்துப் பிரித்தால், அது நொடியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு நேரத்து ஒலி. பிரிவுகளின் இடைவெளி 21.5 ஹெர்ட்சு. ஆடவர் கீழ்க்குரலில் 131 ஹெர்ட்சில் ஒரு சுரம் நிற்குமாயின் அதற்கடுத்த அரைச்சுரம் 139 ஹெர்ட்சு. இரண்டும் ஒரே அறைக்குள் விழுந்துவிடும். கணினிக்கு அவை வேறல்ல. நுட்பம் வேண்டி எண்களை எட்டு மடங்கு கூட்டினால் இடைவெளி குறையும். ஆனால் அப்போது நொடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நேரம் ஒன்றாய்க் குழைந்து, விரைந்த கமகங்கள் மறையும். எப்போது என்பதை நன்கறியின் எது என்பது மங்கும். எது என்பதை நன்கறியின் எப்போது என்பது மங்கும்.

மற்றொன்று. அறைகளை ஒப்ப அடுக்கித் திரையில் தூண்களாக நிறுத்தினால், பாதித் தூண்கள் 11,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்டவை. மாந்தர் குரலின் ஆற்றல் அங்கே மிகச் சிறிது. ஆகவே பாதித் திரை எப்பொழுதும் அரைத் தூக்கத்திலேயே இருக்கும். நம் செவியோ சுரங்களைக் கூட்டல் முறையால் அளப்பதில்லை. இருமடங்கு தோறும் ஒரு தாயி என விகித முறையாலேயே அளக்கின்றது. ஓசையின் உரப்பும் அவ்வாறே. அலை பத்தில் ஒன்றாய்க் குறைந்தாலும் செவி அதனைத் தெளிவாகக் கேட்கும். தூணோ பத்தில் ஒரு பங்கு உயரமே எழும். கைதட்டலுக்கு வானளாவிய திரை கீர்த்தனைக்குத் தரையோடு கிடந்தது இதனாலேதான் என்க. அன்று மண்டபத்தில் கணினியை இயக்கிய மாணவரை வினவியபோது, அமைப்புகளை ஆரவாரமான பாட்டுக்கென வைத்து அப்படியே விட்டதாகச் சொன்னார்.

இத்தகைய மென்பொருள்களுட் புகழ்வாய்ந்தது, ரையான் கைஸ் என்பார் 2001-இல் வினாம்ப் என்னும் இசைப்பொறிக்கு இயற்றிய மில்க்டிராப். ஒவ்வொரு படமும் தனக்கு முந்திய படத்தைச் சற்றே விரித்தோ சுழற்றியோ மங்கவைத்தோ அதன்மேல் மீண்டும் வரைவதால் உண்டாவது. குளத்தில் முன் எழுந்த அலை அடங்குமுன் பின் அலை எழுவது போலும். ஆகவே நாம் காணும் அசைவிற் பெரும்பகுதி அக்கணத்து இசையன்று. முன் சென்ற கணங்களின் எச்சம். கோலத்தின் நெளிவு சுளிவுகளோ கோலம் அமைத்தவர் எழுதிவைத்த சமன்பாடுகள். இசை அவற்றுக்கு முதன்மையாகத் தருவன கீழ், நடு, மேல் என்னும் மூன்று பகுதிகளின் உரப்பெண்களே. அவையும் அப்பாட்டின் அண்மைக்கால இயல்பை ஒன்றெனக் கொண்டு, அதனின் மிகுந்ததோ குறைந்ததோ என அளக்கப்படுவன. அழகில் குறைவில்லை. ஆயின் அதனைக் கண்டு இன்ன பாட்டென்று எவராலும் கூறவியலாது. தாளத்தையும் இவ்வாறே, முந்திய ஒரு நொடியின் சராசரியைவிட இக்கணத்து ஆற்றல் மிகுந்தால் அடி விழுந்ததென மென்பொருள்கள் பல கொள்கின்றன. அவ்வடிக்கெல்லாம் திரையைப் பளிச்சிடச் செய்வோர் எச்சரிக்கையாயிருத்தல் நலம். 1997-இல் ஜப்பானில் தொலைக்காட்சிக் கேலிச்சித்திரத்தின் விரைந்த சிமிட்டல் கண்டு நூற்றுக்கணக்கான சிறுவர் நோயுற்றனர்.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவு முறையால் அடைவுபடுத்துங்கால், கண்ணறிவை நான்காவதும் செவியறிவை ஐந்தாவதுமாக வைத்தார். இதனை யாம் சுட்டியபோது எம் தோழர் முறுவலித்து, “ஆறாவதாகிய மனம் எனக்கும் உண்டு” என எழுதினார். அதன்பின் யாம் வாளாவிருத்தல் இயலவில்லை.

பௌதிகத் துறை நண்பர் ஒருவரின் துணையோடு வேறொரு நிரல் அமைத்தோம். தனிக்குரலுக்குத் தூண்கள் வேண்டா. அலையை அதன்மேலேயே சிறிது சிறிதாக நகர்த்தி வைத்து, எத்துணை எண்களுக்கு ஒருமுறை அது தன்னையே ஒக்கின்றது என்று பார்த்தாற் போதும். 200 எண்களுக்கு ஒருமுறை ஒத்தால் சுரம் 220.5 ஹெர்ட்சு, 201 ஆயின் ஏறத்தாழ ஒரு ஹெர்ட்சு குறைவு. அரைச்சுரத்திற் பன்னிரண்டில் ஒரு பங்கையும் இவ்வாறு காணலாம். சுரத்தின் ஏற்ற இறக்கத்தை ஒற்றைக் கோடாகவும், உரப்பை அக்கோட்டின் ஒளியாகவும் வகுத்தோம். உரப்புக்கு விகித அளவையே கொண்டமையால் மெல்லிய குரல் மங்கிற்றேயன்றி மறையவில்லை. சுருதிக்கு ஒரு நேர்கோடு அடியில் இட்டோம். கஸ்தெல்லின் நீலத்தை மறவாது கோட்டுக்கு அந்நிறமே கொடுத்தோம்.

ஒருநாள் மாலை, வகுப்பறையில் அப்பெண் அதே கீர்த்தனையை மீண்டும் பாடினாள். தோழர் திரையைவிட்டுக் கண் எடுக்கவில்லை. கோடு நெளிந்த இடத்தைச் சுட்டி, “அஞ்சி நடுங்குகிறாளா?” என எழுதினார். அது கமகம் என்றோம். சற்றுநேரம் கழித்து அனுபல்லவியின் முடிவில் கோடு சுருதிக் கோட்டின்கீழ்ச் சிறிதே தாழ்ந்து நின்றதைக் காட்டி, “இதுவும் கமகமோ?” என்றார். யாம் எவரும் அதனைச் செவியாற் கேட்டிலோம். பாடியவள் எட்டிப் பார்த்து நாணிச் சிரித்து, “அது சுருதி குறைந்தது; அந்த இடம் எனக்கு எப்போதும் அப்படித்தான்” என்றாள். தோழர் தாளைத் திருப்பி, மீண்டும் அவ்வடியை மட்டும் பாடச் சொல்லி எழுதினார். அவள் மும்முறை பாடினாள். மூன்றாம் முறை கோடு சுருதியிற் படிந்தபோது, அவள் பாட்டை நிறுத்துமுன்னரே அவர் கையை உயர்த்தினார்.