முழங்கால் வலி: குனிந்து பார்ப்பதற்கு முன்

“சார், முட்டி வலிக்குது” என்று ஒரு மாணவர் வந்து நின்றால் நாம் குனிந்து அந்த முட்டியைத்தான் பார்க்கிறோம். குறுவட்டப் போட்டிகள் நெருங்கும் மாதங்களில் உடற்கல்வி ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் புகார் இது. கோடை விடுமுறை முழுக்க ஓடாத கால்கள், பள்ளி திறந்த சில வாரங்களில் தினமும் மூன்று நான்கு கிலோமீட்டர் ஓடுகின்றன. வலிக்காமல் என்ன செய்யும்? ஆனால் வலிக்கும் இடத்திலேயே வலிக்கான காரணமும் இருக்கும் என்று சொல்ல முடியாது. போட்டி ஓட்டக்காரர்களின் முழங்கால் வலியை ஆஸ்டியோபதி மருத்துவர்கள் எப்படிப் பரிசோதிக்கிறார்கள் என்று படித்தபோது இது எனக்கு இன்னும் தெளிவானது.

ஆஸ்டியோபதி அமெரிக்காவில் பிறந்த முறை. ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் 1874இல் இதை முன்வைத்தார். 1892இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் இதற்கெனப் பள்ளி தொடங்கினார். இன்று அமெரிக்காவில் இப்படிப்பை முடித்தவர்கள் மருந்து எழுதவும் அறுவைச் சிகிச்சை செய்யவும் உரிமை பெற்ற முழு மருத்துவர்கள். பிரிட்டன் போன்ற நாடுகளில் கைகளால் மட்டும் சிகிச்சை செய்யும் தனித் துறையாக இது இருக்கிறது. நம் ஊரில் நாம் அணுகுவது எலும்பு மூட்டு மருத்துவரையும் இயன்முறை மருத்துவரையும்தான். எனவே நான் இங்கே பேசுவது அந்தச் சிகிச்சையைப் பற்றி அல்ல. அவர்கள் பரிசோதிக்கும் வரிசையைப் பற்றி.

ஓட்டக்காரர் வந்ததும் முழங்காலைத் தொடுவதில்லை. முதலில் நிற்கவைத்துப் பின்னாலிருந்து பார்க்கிறார்கள். இரு தோள்களும் இரு இடுப்பெலும்பு விளிம்புகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, உள்ளங்கால் வளைவு தரையில் சரிகிறதா என்று கவனிக்கிறார்கள். பிறகு நடக்கவிட்டும் ஒற்றைக் காலில் நிற்கவைத்தும் பார்க்கிறார்கள். அதன்பின் இடுப்பு, கணுக்கால், கடைசியில் முழங்கால். தொடும்போது நான்கைத் தேடுகிறார்கள்: தசையின் இறுக்கத்தில் மாற்றம், இரு பக்கங்களுக்கும் இடையே வேறுபாடு, மூட்டின் அசைவில் தடை, அழுத்தினால் வலி.

முழங்கால் தொடையெலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மூட்டு. இடுப்பின் பக்கவாட்டுத் தசை சோர்ந்தால் ஒவ்வொரு அடியிலும் தொடை உள்நோக்கித் திரும்பும். முட்டிச்சில்லின் மீது அழுத்தம் கூடும். பாதம் அதிகமாக உள்ளே சரிந்தாலும் அப்படித்தான். மேலும் கீழும் இருப்பவர்கள் செய்வதற்கு நடுவில் இருப்பவர் வலி அனுபவிக்கிறார். ஒற்றைக் காலில் நின்று மெல்ல அரைக்குந்தலாக இறங்கச் சொல்லுங்கள். முட்டி பெருவிரலைத் தாண்டி உள்ளே போனால், அல்லது தூக்கிய கால் பக்கம் இடுப்பு தொங்கினால், அந்த மாணவருக்கு இடுப்புத் தசைப் பயிற்சி வேண்டும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கையால் தொட்டுக் கண்டறிவதில் ஒரு பரிசோதகர் சொல்வதும் மற்றவர் சொல்வதும் பல நேரம் ஒத்துப்போவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பயிற்சி பெற்றவர்களுக்கே அப்படியென்றால், நாம் தொடவோ நீவவோ வேண்டாம். பார்ப்பதும் கேட்பதும் நமக்குப் போதும். அதில் வகுப்பாசிரியருக்கு உடற்கல்வி ஆசிரியரைவிட வாய்ப்பு அதிகம். பாடவேளை முழுவதும் மடக்கி உட்கார்ந்த பின் முட்டியின் முன்பக்கம் வலிப்பது, மாடிப்படி இறங்கும்போது கூடுவது – இவை முட்டிச்சில் வலியின் அடையாளங்கள். பெஞ்சுக்கு அடியில் அடிக்கடி காலை நீட்டும் மாணவி குறும்பு செய்கிறாள் என்று நினைத்துவிடாதீர்கள்.

வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொல்வது நல்ல பழக்கம். முட்டிச்சில்லுக்குக் கீழே, கீழ்க்கால் எலும்பின் மேட்டைக் காட்டினால், அது வேகமாக உயரும் வயதில் வரும் ஆஸ்குட் ஸ்லாட்டர் நோயாக இருக்கலாம். பாஸ்டனில் ஆஸ்குட், சூரிச்சில் ஸ்லாட்டர் என இருவரும் 1903இல் தனித்தனியே விவரித்தது. வளர்ச்சி முடியும்போது பெரும்பாலும் தானே அடங்கும். அதுவரை ஓட்டத்தையும் குதித்தலையும் குறைக்க வேண்டும். மண்டியிட்டால் அந்த மேட்டில் கடுமையாக வலிக்கும். முட்டி போடச் சொல்லும் தண்டனையைச் சட்டம் எப்போதோ விலக்கிவிட்டது. விலக்காத வகுப்பறை எங்காவது இருந்தால் இது இன்னொரு காரணம். முட்டியின் வெளிப்பக்கத்தைக் காட்டி, “கொஞ்ச தூரம் ஓடின பிறகுதான் ஆரம்பிக்குது” என்றால் தொடையின் வெளிப்பக்கப் பட்டை உரசுகிறது என்று ஊகிக்கலாம். சிறிய மைதானத்தில் எப்போதும் இடப்பக்கமே திரும்பி ஓடுபவர்களைப் பயிற்சியின்போது எதிர்த்திசையிலும் ஓடவிடுங்கள்.

விரலால் இடத்தைக் காட்ட முடியாமல் உள்ளங்கையால் முட்டியையும் தொடையையும் தடவிக் காட்டும் பிள்ளையிடம்தான் நான் அதிகக் கவனமாக இருப்பேன். இடுப்பு மூட்டுக்குக் கிளை தரும் நரம்புகளே முழங்காலுக்கும் கிளை தருகின்றன. அதனால் இடுப்பில் உள்ள கோளாறு முட்டி வலியாக மட்டுமே வெளிப்படலாம். ஏறத்தாழ 10 முதல் 16 வயதுக்குள், வளர்ச்சித் தட்டின் இடத்தில் தொடையெலும்பின் தலைப்பகுதி நழுவும் நோய் ஒன்று உண்டு. எடை கூடிய பிள்ளைகளுக்கு அதிகம் வரும், ஒல்லியானவர்களுக்கும் வரலாம். முட்டியில் வீக்கம் இருக்காது, அழுத்தினால் வலிக்காது, முட்டியை மட்டும் எக்ஸ்ரே எடுத்தால் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் பிள்ளை நொண்டும். நடக்கும்போது அந்தப் பாதம் வெளிப்புறமாகத் திரும்பியிருக்கும். “சுளுக்குத்தான்” என்று நீவிவிடக் கூட்டிப்போவார்கள். நாள்கள் கழியக் கழிய எலும்பு மேலும் நழுவும். திடீரென அதிகம் நழுவினால் தலைப்பகுதிக்கு இரத்த ஓட்டமே நின்றுபோகலாம். உடனே கண்டுபிடித்து ஒரு திருகாணியால் நிறுத்திவிட்டால் இடுப்பு மூட்டைப் பெரும்பாலும் காப்பாற்றலாம்.

தூக்கத்தைக் கலைக்கும் இரவு வலி, அடிபடாமலே வந்த வீக்கம், காய்ச்சலோடு மூட்டு வலி, முட்டி பாதியில் பூட்டிக்கொள்வது, காலை ஊன்றவே முடியாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனை. பதின்வயதில் வரும் எலும்புப் புற்றுநோய் அதிகம் தோன்றுவது முழங்காலை ஒட்டிய எலும்புகளில்தான். அரிதானது என்றாலும் இரவு வலியை வளர்ச்சி வலி என்று தள்ளிவிடக் கூடாது.

நொண்டும் பிள்ளையை அனுப்பும்போது வாய்மொழியாகச் சொல்வதோடு நிறுத்தாமல் நான் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறேன். பெற்றோர் மருத்துவரிடம் “முட்டி வலி” என்று மட்டும் சொல்லிவிடுவார்கள். தாளில் நான்கு வரி போதும்: எத்தனை நாளாக வலி, நடக்கும்போது நொண்டுகிறார், வலது பாதம் வெளிப்புறம் திரும்புகிறது, இடுப்பு மூட்டுகள் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டுகிறேன். பெற்றோர் வந்து சேரும்வரை அந்தப் பிள்ளையை உட்காரவைத்திருங்கள். தனியே நடந்தோ சைக்கிளிலோ வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.