பாம்பன் காற்றும் பின்னோக்கிய கணக்கும்

கேள்வி: இயற்பியல் சூத்திரத்தை மாற்றி எழுதி, தெரியாத ஒன்றைக் கண்டுபிடிக்கும் முறை எங்கிருந்து வந்தது? தேவையான எல்லா வடிவங்களையும் மனப்பாடம் செய்துவிட்டால் போதாதா?
– பள்ளி மாணவி, ராமேஸ்வரம்

பதில்: இந்த முறையை விதியாகச் சொன்ன பழைய நூல்களில் ஒன்று, 499ஆம் ஆண்டையொட்டி எழுந்த 'ஆரியபட்டீயம்'. கணக்கைப் பின்னோக்கி நடத்தும்போது பெருக்கல் வகுத்தலாகும், கூட்டல் கழித்தலாகும் என்கிறார் ஆரியபட்டர். வர்க்கம் இருந்த இடத்தில் வர்க்கமூலம் எடுக்க வேண்டும் என்பதை 628இல் பிரம்மகுப்தர் தம் விதியில் சேர்த்துச் சொன்னார். எழுத்துகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்துவதாக நாம் நினைக்கும் வேலை, செய்த செயல்களைக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அவிழ்ப்பதுதான்.

அதன் பயனை உங்கள் ஊரிலேயே பார்க்கலாம். 1914இல் திறந்து 2022 வரை ரயில் ஓடிய பழைய பாம்பன் பாலத்தில், காற்று மணிக்கு 58 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. வீசும் காற்று தரும் அழுத்தம் என்பது அதன் அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கியது. அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோ, 58 கி.மீ. என்பது வினாடிக்கு 16.1 மீட்டர். ஆகவே அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 156 நியூட்டன். ஆனால் பாலத்தைக் காப்பவருடைய கேள்வி வேறு: இவ்வளவு அழுத்தம்தான் தாங்கலாம் என்றால், எவ்வளவு காற்று வரை ரயிலை விடலாம்? அழுத்தத்தை இரட்டித்து, அடர்த்தியால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் விடை வரும். தாங்கும் அழுத்தத்தை இரு மடங்காக்கிப் பாருங்கள்: 312 நியூட்டனுக்கு வேகம் 82 கி.மீ. மட்டுமே. பலத்தை இரட்டித்தும் கூடுதலாகக் கிடைப்பது 24 கி.மீ.தான். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த இந்தக் கரையில், அந்த வேறுபாட்டின் கனம் பெரிது.

இரண்டும் ஒரே சூத்திரம், மாற்றி எழுதுவதால் புதிதாக என்ன தெரிந்துவிடும் என்று கேட்கலாம். உண்மைதான், புதிய தகவல் எதுவும் சேர்வதில்லை. ஆனால் எதைக் கொடுத்து எதைக் கேட்கிறோம் என்பது மாறுகிறது. வர்க்கமூலம் கண்ணுக்குத் தெரிவதும் அப்போதுதான். மூன்று அளவுகளை முக்கோணத்தில் எழுதி ஒன்றை மறைக்கும் குறுக்குவழி, வெறும் பெருக்கலுக்கு உதவும். வர்க்கம் வந்ததும் வழி காட்டாது. நிஜக் காற்று இவ்வளவு எளிதல்ல, பெட்டியின் வடிவமும் பரப்பும் விசையை மாற்றும் என்பதும் சரியான மறுப்பே. அவை இன்னும் இரண்டு பெருக்கல்களாகச் சேரும். அவிழ்க்கும்போது இரண்டு வகுத்தல்கள் கூடும், அவ்வளவுதான். எல்லா வடிவங்களையும் மனப்பாடம் செய்தவருக்கு அந்த இடத்தில் புதுச் சூத்திரம் வேண்டும். அவிழ்க்கத் தெரிந்தவருக்குப் பழையதே போதும்.