ஓப்பன் சோர்ஸ் கோட் வச்சு சைடு இன்கம்: விலை சொல்றதுக்கு முன்னாடி லைசென்ஸைப் படிங்க

மத்திய அரசு நடத்திய இந்திய பிரவுசர் போட்டியில் 2025 மார்ச்சில் ஜோஹோவுக்கு 1 கோடி ரூபாய் முதல் பரிசு கிடைச்சது. நம்ம தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஆபீஸ் வச்சிருக்கிற அதே ஜோஹோதான். அவங்களோட 'உலா' பிரவுசர், குரோமியம் என்ற ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் மேல கட்டினது. மைக்ரோசாஃப்ட் எட்ஜும் அப்படித்தான்.

அப்போ இலவசமா கிடைக்கிற கோடை எடுத்து ஒரு பொருள் செஞ்சு விக்கலாமா? தாராளமா விக்கலாம். ஆனா 'காசு வேண்டாம்'னு சொன்னா 'நிபந்தனையே இல்ல'ன்னு அர்த்தம் இல்ல. இந்த வித்தியாசம் தெரியாம விலை பேசினா, நம்ம கணக்கு மொத்தமா தப்பாயிடும்.

ஒரு சின்ன கணக்கு

நீங்க கங்கைகொண்டான் ஐடி பார்க்கில் வேலை பார்க்கிறீங்கன்னு வச்சுக்குவோம். சாயங்கால நேரத்துல நெல்லை டவுன்ல ஒரு அல்வா கடைக்கு பில்லிங் சாஃப்ட்வேர் செஞ்சு தர்றீங்க. விலை 40,000 ரூபாய். இதையே 10 கடைக்கு வித்தா 4 லட்சம். நல்ல பிளான்தான்.

ஆனா அடியில நீங்க எடுத்தது ஜிபிஎல் லைசென்ஸ் உள்ள கோட். அதை மாத்தி நீங்க அடுத்தவருக்குக் கொடுத்தா, சோர்ஸ் கோடையும் அதே லைசென்ஸ்ல கொடுக்கணும். முதல் கடைக்காரர் அதை வாங்கி, மத்த 9 கடைக்கும் சும்மாவே கொடுக்கலாம். சட்டப்படி அவர் பண்றது சரி. உங்க 4 லட்சம் 40,000-ல நின்னுடும்.

மூணு வகை, மூணு நிபந்தனை

1. எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி 2.0: உங்க சோர்ஸை மூடி வச்சே விக்கலாம். ஆனா மூல ஆசிரியரோட காப்புரிமை அறிவிப்பும் லைசென்ஸ் வாசகமும் உங்க பொருளோட போகணும்.

2. ஜிபிஎல்: இது நம்ம தாமிரபரணி வாய்க்கால் மாதிரி. மேல்மடைக்காரர் தண்ணி பாய்ச்சிக்கலாம், ஆனா கீழ்மடைக்குப் போறதை அடைக்கக் கூடாது. நீங்களோ உங்க கம்பெனியோ உள்ளுக்குள்ள மட்டும் பயன்படுத்தினா சோர்ஸ் கொடுக்க வேண்டியதில்ல. வெளியே கொடுக்கும்போதுதான் நிபந்தனை வேலை செய்யும்.

3. ஏஜிபிஎல்: "நான் கொடுக்கவே இல்லையே, வெப்சைட்டா தானே ஓட்டுறேன்"ங்கிற சாக்கு இங்க செல்லாது. நீங்க மாத்தின கோடை நெட் வழியா பயன்படுத்துறவங்களுக்கும் சோர்ஸ் கிடைக்க வழி வைக்கணும்.

இன்னொண்ணு: கிட்ஹப்ல இருக்கு, ஆனா லைசென்ஸே போடலைன்னா அது ஓப்பன் சோர்ஸ் இல்ல. முழு உரிமையும் எழுதினவருக்குத்தான். தொடாதீங்க.

மீறினா என்ன ஆகும்?

பிரான்ஸ்ல ஆன்ட்ரூவேர்னு ஒரு சின்ன கம்பெனி 'லாஸோ'ங்கிற மென்பொருளை ஜிபிஎல்-ல கொடுத்தது. ஜிபிஎல் நிபந்தனை வேண்டாம்னா காசு கொடுத்து தனி லைசென்ஸ் வாங்கிக்கலாம். டெலிகாம் கம்பெனி ஆரஞ்ச், அரசு வெப்சைட் வேலைக்கு அதை எடுத்துக்கிட்டு நிபந்தனையை விட்டுட்டாங்க. பல வருஷ வழக்குக்குப் பிறகு, 2024 பிப்ரவரியில் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 5 லட்சம் யூரோவுக்கு மேல இழப்பீடு கொடுக்கச் சொல்லிடுச்சு. இந்தியாவிலயும் 1957 காப்புரிமைச் சட்டத்துக்குள்ள கம்ப்யூட்டர் புரோகிராம் வருது.

சம்பளக்காரங்க கவனிக்க வேண்டியது

அதே சட்டத்தோட 17-வது பிரிவுப்படி, வேலையின் பகுதியா நீங்க எழுதின கோடுக்கு முதல் உரிமையாளர் உங்க கம்பெனி (வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை). "அது ஓப்பன் சோர்ஸ்லேர்ந்து வந்ததுதானே"ன்னு ஆபீஸ் கோடை வீட்டுக்குக் கொண்டு வராதீங்க. ஆபீஸ் லேப்டாப்பையும் இதுக்குத் தொடாதீங்க. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் வெளி வேலைக்கு என்ன விதி இருக்குன்னு முதல்ல பாருங்க. சைடு இன்கமுக்காக மாசச் சம்பளத்தைப் பணயம் வைக்கிறது லாபக் கணக்கு இல்ல.

அப்போ எப்படித்தான் சம்பாதிக்கிறது?

மும்பையில இருக்கிற ஃபிராப்பே கம்பெனியைப் பாருங்க. அவங்களோட இஆர்பிநெக்ஸ்ட் மென்பொருள் ஜிபிஎல்தான், யார் வேணும்னாலும் இறக்கிக்கலாம். அவங்க காசு வாங்குறது ஹோஸ்டிங்குக்கும் சப்போர்ட்டுக்கும்.

நீங்களும் அதே வழியில போகலாம். கோடுக்கு விலை வைக்காம, வேலைக்கு விலை வைங்க. இன்ஸ்டால் பண்றது, ஜிஎஸ்டி பில் சரியா வர வைக்கிறது, பேக்கப், தீபாவளி நேரத்துல போன் அடிச்சா எடுக்கிறது. ஒரு கடைக்கு மாசம் 500 ரூபாய்னா, 10 கடைக்கு வருஷம் 60,000. சோர்ஸ் யார் கையில போனாலும் இந்த வருமானம் சட்டுனு போயிடாது. இது தொழில் வருமானம். அதனால சம்பளக்காரங்க வழக்கமா போடுற ஐடிஆர்-1 இதுக்கு ஆகாது, ஐடிஆர்-3 அல்லது 4 போடணும்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்க. உங்க புராஜெக்ட்ல இருக்கிற ஒவ்வொரு லைப்ரரி பேரையும், அதோட லைசென்ஸையும் ஒரு எக்செல் ஷீட்ல எழுதுங்க. ஜிபிஎல், ஏஜிபிஎல் வந்தா சிவப்பு கலர் அடிங்க. விலை பேசுறது அதுக்கப்புறம்தான்.

அடுத்த வீடியோவில் ஐடிஆர்-4 நிரப்புறது எப்படின்னு பார்ப்போம்!