மழைச் செய்தியும் மறைவான ஞானமும்

 

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் நம் வீடுகளில் ஃபஜ்ரு தொழுததும் செல்போனில் பார்க்கப்படுவது மழைச் செய்திதான். நாளைக்கு லீவா என்று பிள்ளைகள் பார்க்கிறார்கள். நிக்காஹ் வைத்திருப்பவர் பந்தலை நினைத்துப் பார்க்கிறார். கடலுக்குப் போகிறவர் உயிரை நினைத்துப் பார்க்கிறார். சொன்ன மழை வராவிட்டால் மறுநாள் டீக்கடையில் வானிலை ஆய்வு மையத்துக்குக் கிடைக்கும் ஏச்சைச் சொல்லி முடியாது.

இந்த நாட்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "ஹஜ்ரத், மழை எப்போது வரும் என்பது அல்லாஹ்வுக்கு மட்டும் தெரிந்தது என்று குர்ஆனில் இருக்கிறதே, அப்படியானால் வானிலை அறிக்கையை நம்புவது கூடுமா?" கேட்பவர்களில் சிலர் ஈமானின் கவலையால் கேட்கிறார்கள். சிலர், அறிக்கையை மதிக்காமல் இருப்பதற்கு ஒரு மார்க்கக் காரணம் கிடைக்குமா என்று கேட்கிறார்கள். இரு சாராருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

ஐந்து சாவிகள்

லுக்மான் அத்தியாயத்தின் கடைசி வசனத்தில் (31:34) ஐந்து விஷயங்கள் வருகின்றன. கியாமத் நாளின் அறிவு, மழை இறங்குவது, கருவறையில் உள்ளது, நாளை ஒருவர் சம்பாதிக்கப்போவது, எந்த மண்ணில் ஒருவருக்கு மவுத் என்பது. மறைவானவற்றின் சாவிகள் இந்த ஐந்தும்தான் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியதை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது.

இங்கே 'அறிதல்' என்பது என்ன? எந்தக் கருவியும் காரணமும் துணைக்கு இல்லாமல், தவறுக்கு இடமே இல்லாமல், ஒவ்வொரு துளியும் எங்கே, எப்போது, எவ்வளவு என்று முழுமையாக அறிவதே அது. அந்த இல்மு அல்லாஹ்வுக்கு மட்டும் உரியது. வெளியே தெரிந்துவிட்ட ஓர் அடையாளத்தைப் பார்த்து 'இப்படி ஆகலாம்' என்று கணிப்பதை ளன் என்போம். நாடி பிடித்துப் பார்த்துக் காய்ச்சல் என்று சொல்லும் மருத்துவர் கைபு அறிந்தவர் ஆகிவிட மாட்டார். கடலில் உருவாகிவிட்ட தாழ்வு மண்டலத்தைச் செயற்கைக்கோளில் பார்த்துவிட்டு மழை வரலாம் என்பவரும் அப்படித்தான்.

அடையாளங்களை வைத்தவனும் அல்லாஹ்தானே! மழைக்கு முன்னால் காற்றை நற்செய்தியாக அனுப்புவதாக அஃராஃப் அத்தியாயத்தில் (7:57) சொல்கிறான். காற்று மேகத்தைக் கிளப்பி, வானில் பரப்பி, துண்டு துண்டாக்கி, அதன் நடுவிலிருந்து மழை வெளியாவதை ரூம் அத்தியாயத்தில் (30:48) படிப்படியாகக் காட்டுகிறான். நற்செய்தி என்று அனுப்பப்பட்டதை நாம் படித்துப் பார்ப்பது எப்படிக் குற்றமாகும்?

ஹுதைபிய்யாவில் பெய்த மழை

ஹிஜ்ரி 6-ம் ஆண்டு. ஹுதைபிய்யாவில் ஓரிரவு மழை பெய்தது. ஃபஜ்ரு தொழுகை முடித்து நபி (ஸல்) அவர்கள் தோழர்கள் பக்கம் திரும்பி, அல்லாஹ் சொன்ன ஒரு செய்தியை எடுத்துரைத்தார்கள். அல்லாஹ்வின் அருளால் மழை பொழிந்தது என்றவர் அவனை ஈமான் கொண்டு நட்சத்திரத்தை நிராகரித்தவர். இன்ன நட்சத்திரத்தால் பொழிந்தது என்றவர் அதற்கு நேர்மாறானவர் என்பது அதன் கருத்து. ஸைது இப்னு காலித் அல்ஜுஹனி (ரலி) அவர்களின் இந்த அறிவிப்பு புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது.

அன்றைய அரபிகள் சந்திரன் கடந்துபோகும் பாதையை 28 மன்ஜில்களாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஏறத்தாழ 13 நாளுக்கு ஒருமுறை அதிகாலையில் ஒரு மன்ஜில் மேற்கே மறையும். அதன் எதிர் மன்ஜில் கிழக்கே உதிக்கும். இதற்கு 'நவ்உ' என்று பெயர். பாலைவனத்தில் இது நல்ல காலண்டர். ஆனால் நாளடைவில் காலண்டரையே மழை தருபவனாக ஆக்கிவிட்டார்கள். ஹதீஸ் கண்டிப்பது அதைத்தான்.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் 'அல்உம்மு' நூலில் இதை அழகாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். 'இன்ன நவ்உவில் மழை பெய்தது' என்பவர் இன்ன மாதத்தில் பெய்தது என்பதுபோல் காலத்தைத்தான் குறிக்கிறார் என்றால் அது குஃப்ரு ஆகாது. இருந்தாலும் வேறு வார்த்தையில் சொல்வதே எனக்குப் பிரியமானது என்கிறார்கள். எனவே 'வடகிழக்குப் பருவமழை', 'காற்றழுத்தத் தாழ்வால் மழை' என்று நாம் பேசும்போதும் நாவு காரணத்தைச் சொல்லட்டும். கல்பு காரணத்தைப் படைத்தவனை மறக்காமல் இருக்கட்டும்.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இதே பாடத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது. கடல் பக்கத்திலிருந்து மேகம் எழுந்து ஷாம் திசைக்குத் திரும்பினால் அது நிறைந்த நீரூற்று என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக வருகிறது. அறிவிப்பாளர் தொடர் இல்லாமல் 'எனக்கு எட்டியது' என்ற முறையிலேயே இமாம் இதைப் பதிவு செய்கிறார்கள். ஹதீஸ் கலை படித்தவர்கள் அந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஆனால் நட்சத்திரத்தைக் கண்டிக்கும் அதே பாடத்தில் மேகத்தின் திசையை வைத்துச் சொல்லும் செய்தியையும் இமாம் கொண்டுவந்து வைத்திருப்பதே நமக்குப் போதிய பாடம். அனுபவத்தில் கண்ட அடையாளம் வேறு, மழையின் சொந்தக்காரன் வேறு.

மேகத்தைப் பார்த்து ஏமாந்த கூட்டம்

கணிப்பு எவ்வளவு பயங்கரமாகத் தவறக்கூடும் என்பதற்குக் குர்ஆனே ஓர் உதாரணம் தருகிறது. ஆது கூட்டத்தார் தங்கள் ஓடைகளை நோக்கி மேகம் வருவதைப் பார்த்தார்கள். நமக்கு மழை தரும் மேகம் என்று மகிழ்ந்தார்கள் (46:24). அவர்கள் கண்ணுக்குத் தெரிந்த அடையாளம் சரியானதுதான். கருமேகம் வந்தால் மழை என்பது எல்லா ஊர் அனுபவமும். ஆனால் வந்தது ஏழு இரவும் எட்டுப் பகலும் வீசிய காற்று.

இதனால்தான் மேகமோ காற்றோ கிளம்பினால் நபி (ஸல்) அவர்களின் முகம் மாறிவிடும். உள்ளே வருவார்கள், வெளியே போவார்கள். மழை இறங்கிய பிறகே நிம்மதி அடைவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொல்கிறார்கள். காரணம் கேட்டபோது ஆது கூட்டத்தாரைத்தான் நினைவுபடுத்தினார்கள். வஹீ வரும் நபிக்கே அந்த அச்சம்! நாம் மொட்டை மாடியில் நின்று ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சூரியனுக்குக் கணக்கு, மழைக்கு?

சூரியனும் சந்திரனும் கணக்கின்படி ஓடுகின்றன என்று ரஹ்மான் அத்தியாயம் (55:5) சொல்கிறது. அடுத்த நூறு வருடக் கிரகணங்களை இன்றே எழுதிவிடலாம்; எழுதியும் வைத்திருக்கிறார்கள். (பிறை விவாதத்துக்குள் நான் இப்போது போகவில்லை, யாரும் அங்கே போய்விட வேண்டாம்.) ஆனால் அடுத்த மாதம் 15-ம் தேதி அஸருக்கு உங்கள் தெருவில் மழை உண்டா என்று எந்தக் கம்ப்யூட்டராலும் சொல்ல முடியாது.

ஏன்? அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லாரன்ஸ் 1961-ல் கம்ப்யூட்டரில் ஒரு வானிலைக் கணக்கை மறுபடி ஓட்டிப் பார்த்தார். 0.506127 என்ற எண்ணைச் சுருக்கி 0.506 என்று போட்டார். ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைந்த வித்தியாசம். தொடக்கத்தில் இரண்டு கணக்கும் ஒன்றாகப் போயின. கொஞ்ச நேரத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வானிலையாகிவிட்டன. உலகத்தின் காற்றை ஓர் இடம் விடாமல் அளக்க நம்மால் முடியாது. அளக்காமல் விட்ட அந்தச் சிறு துண்டு நாளாக ஆகப் பெருகி முழுக் கணக்கையும் மாற்றிவிடுகிறது. அதனால் ஓரிரு நாள் முன்னறிவிப்பு பெரும்பாலும் பொருந்தும். ஒரு வாரத்தில் மங்கும். இரண்டு வாரம் தாண்டினால் ஏறக்குறைய ஊகம்தான்.

2024 அக்டோபரில் சென்னைக்கு ரெட் அலர்ட் கொடுத்தார்கள். மக்கள் காரையெல்லாம் வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மிகப் பெரிய மழை என்று சொல்லப்பட்ட 16-ம் தேதி பெரிதாக எதுவும் பெய்யவில்லை, ஊரே சிரித்தது. அதற்கு முந்தைய வருடம், 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நம் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கச் சராசரியாகப் பெய்வதைவிட அதிகம். கனமழை வரும் என்று தெரிந்திருந்தது. 95 என்று எந்த மனிதனும் சொல்லவில்லை. சிவப்பு எச்சரிக்கை என்பது 20 சென்டிமீட்டருக்கு மேல் என்பதைக் குறிக்கும். 21-ம் அதே சிவப்புதான், 95-ம் அதே சிவப்புதான். எவ்வளவு என்பதன் சாவி எங்கே இருக்கிறது என்று காயல் மக்களுக்கு யாரும் பயான் செய்யத் தேவையில்லை.

ஆனால் ஏசுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அறிக்கையில் 'ஓரிரு இடங்களில்' என்றால், அந்தப் பகுதியின் மழை அளவு நிலையங்களில் கால் பங்கு அல்லது அதற்கும் குறைவான இடங்களில் பெய்யலாம் என்று பொருள். 'அநேக இடங்களில்' என்றால் பாதிக்கு மேல். உங்கள் தெருவில் பெய்யவில்லை என்பதற்காக 'ஓரிரு இடங்களில்' என்று சொன்னவர் பொய்யர் ஆகிவிட மாட்டார். என்ன சொன்னார் என்று முழுதாகப் படிக்காமல் ஒருவரைப் பொய்யர் என்பது சாதாரணப் பாவமா?

எறும்பும் தட்டானும்

நம் பெரியவர்கள் கைவசம் வேறு அடையாளங்கள் உண்டு. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினால் மழை, தட்டான் தாழப் பறந்தால் மழை, நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டினால் மழை. இவற்றைக் கேலி செய்யத் தேவையில்லை. நிலாவைச் சுற்றி வட்டம் தெரிவது உயரமான மெல்லிய மேகத்தில் உள்ள பனித்துகளால். சில சமயம் அந்த மேகத்துக்குப் பின்னால் மழை மேகமும் வரும். பல சமயம் வராது.

சிக்கல் நம் நினைவில்தான். பலித்த நாளை வருடக் கணக்கில் சொல்லிக்கொண்டிருப்போம். பலிக்காத நாட்கள் ஞாபகத்திலேயே இருக்காது. குறிகாரனைப் பற்றிய ஹதீஸில் இந்த மனப்போக்கு அப்படியே வருகிறது. காதில் விழுந்த ஓர் உண்மையோடு நூறு பொய்யைக் கலந்து சொல்வான். 'இன்ன நாளில் இவர் சொன்னது நடக்கவில்லையா?' என்று அந்த ஒன்றை வைத்தே மக்கள் அவனை நம்புவார்கள் என்ற கருத்தில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். எறும்பைப் பார்ப்பவர் குறிகாரன் இல்லை. ஆனால் இத்தனை மரக்கால் மழை என்று கிரகத்தை வைத்துச் சொல்லும் பஞ்சாங்கப் பலன், 'இந்தத் தேதியில் ஊர் மூழ்கும்' என்று யூடியூபில் பேசும் ஜோதிடர் இரண்டும் ஹுதைபிய்யா ஹதீஸின் பக்கம் போய்விடுகின்றன. பிற சமுதாய மக்கள் அவர்கள் வழக்கப்படி படிக்கிறார்கள். அது அவர்கள் விஷயம். நம் வீட்டில் அதை நம்பி நாள் பார்க்கக் கூடாது.

வாட்ஸ்அப் செய்தி அடுத்தது. 'ஏரி உடைந்துவிட்டது', 'அடுத்த புயல் இன்னும் பெரியது' என்று பெயர் இல்லாத குரல் பதிவு வரும். கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவர் பொய்யராக ஆவதற்குப் போதும் என்ற நபிமொழி முஸ்லிமில் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அறிவிப்பிலோ வானிலை மைய அறிக்கையிலோ இல்லாததை ஜமாஅத் குரூப்பில் போடாதீர்கள்.

தவக்குல் எங்கே நிற்கிறது

'நாயன் விட்டபடி ஆகும்' என்று எச்சரிக்கைக் கொடி ஏறியிருக்கும்போது வல்லத்தை இறக்குவது தவக்குல் இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபியின் உம்மத் நாம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி கன்னியாகுமரிக் கடலில் சில மணி நேரத்தில் புயலாக வலுத்தது. பல நாள் தங்கி மீன்பிடிக்கப் போனவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. குமரியிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஆண்களை இழந்தன. மறு வருடம் கஜா வந்தபோது பல்லாயிரம் பேர் முன்பே முகாம்களுக்குப் போயிருந்தார்கள். வீடும் தென்னையும் போயின. அவர்கள் உயிரோடு திரும்பினார்கள். தவறக்கூடிய செய்திதான், ஆனாலும் அதைக் கேட்டவர் ஒட்டகத்தைக் கட்டியவர்.

பத்து முறை எச்சரித்து ஒன்பது முறை ஒன்றும் ஆகாமல் போனால் அந்த ஒன்பதையும் ஷுக்ரு செய்ய வேண்டிய நாட்களாக எண்ணுங்கள். வீணாகப் பயமுறுத்திவிட்டார்கள் என்று சொல்ல என்ன இருக்கிறது?

சில மஸ்அலாக்கள்

மழைக்காக இரண்டு தொழுகைகளை ஜம்உ செய்வது ஷாஃபிஈ மத்ஹபில் முந்திய நேரத்தில் கூடும். ஆனால் இரண்டு தொழுகைகளின் தக்பீரிலும், முதல் தொழுகையின் ஸலாமிலும் மழை உண்மையாகவே பெய்துகொண்டிருக்க வேண்டும். 'இஷாவுக்குக் கனமழை என்று போட்டிருக்கிறது' என்று மஃரிபோடு சேர்த்துத் தொழ முடியாது. ஹனஃபி மத்ஹபில் மழைக்காக ஜம்உ இல்லவே இல்லை.

ஜும்ஆ விஷயத்தில், ஆடையை நனைத்துச் சிரமம் தரும் மழையும் சேறும் வராமல் இருப்பதற்கு உரிய உள்ரு. சேறு நிறைந்த மழை நாளில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், வீடுகளிலேயே தொழுதுகொள்ளும்படி பாங்கில் சொல்ல முஅத்தினுக்குக் கட்டளையிட்டார்கள். அலர்ட் மட்டும் இருந்து வெளியே வெயில் அடித்தால் அது உள்ரு ஆகாது. தெருவில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, நோயாளியைத் தனியே விட முடியவில்லை, வெளியே வர வேண்டாம் என்று அதிகாரிகள் உத்தரவிட்டுவிட்டார்கள் என்றால் உயிர், பொருள் பற்றிய அச்சமே உள்ரு. வீட்டில் ளுஹர் நான்கு ரக்அத் தொழுதுகொள்ளலாம்.

நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். சிவப்பு எச்சரிக்கை வந்த அன்று மாலையே ஒலிபெருக்கியில் அறிவித்துவிடுங்கள். ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று பாருங்கள். தாழ்வான தெருவில் இருப்பவர்கள், எந்தச் சமுதாயமாக இருந்தாலும், இரவில் வந்தால் ஏறித் தங்க மஸ்ஜிதின் மாடியைத் திறந்து வையுங்கள்.